எட்டுப் பேருக்கு ஒரு கேம்

புதுச்சேரி முத்தியால்பேட்டையிலிருந்து ஒரு வாசகி நாலு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். ஆளை அடையாளம் காட்டக்கூடியதை எல்லாம் எடுத்துவிட்டுச் சாரத்தை மட்டும் தருகிறேன்.

வீட்டில் அவர், கணவர், ஒன்பதாவது படிக்கும் மகன், மூன்றாவது படிக்கும் மகள், 68 வயது மாமியார். மாமியாருக்குப் போன வருஷம்தான் கண்புரை ஆபரேஷன் ஆனது. கணவரின் அண்ணன் குடும்பம் பிரான்சில் இருக்கிறது. அண்ணன், அவர் மனைவி, 16 வயது மகள், 11 வயது மகன் என்று நான்கு பேரும் டிசம்பர் விடுமுறைக்கு வந்து இரண்டு வாரம் தங்கப் போகிறார்கள். அந்தப் பிள்ளைகளுக்குத் தமிழ் காதில் ஏறும், வாயில் வராது. மூன்று வருஷத்துக்கு முன் வந்தபோது ஆளுக்கொரு போன், ஆளுக்கொரு மூலை என்றே பதினைந்து நாளும் ஓடிவிட்டன. “ஆயா முறுக்கு சுட்டு வைத்துக்கொண்டு கூப்பிடுவார். எல்லார் காதிலும் ஹெட்போன்” என்று எழுதுகிறார்.

இந்த முறை ஒரு கேம் வாங்கி, ஹாலில் இருக்கும் 32 இன்ச் டிவியில் போட்டு, எல்லாரையும் ஒன்றாக உட்கார வைக்க அவருக்கு ஆசை. ஆனால் வீட்டில் ஆளுக்கொரு கட்சி. மகன் ஐம்பதாயிரம் ரூபாய்க்கு மேல் விலையுள்ள பிளேஸ்டேஷனும் கால்பந்து கேமும் கேட்கிறான். கணவர், “ஏற்கெனவே ஒருத்தன் ரூமை விட்டு வர மாட்டேங்கிறான், இதில் வீட்டையே கெடுக்கணுமா?” என்கிறார். வாசகியின் தம்பி, “ரம்மி ஆப் போட்டுக்கோ அக்கா, பொழுதும் போகும், காசும் வரும்” என்கிறாராம். மாமியார், “எனக்கு அதெல்லாம் வேணாம்மா, நான் பார்த்துக்கிட்டு இருக்கேன்” என்று சொல்லிவிட்டார்.

“எட்டுப் பேரும் சேர்ந்து ஆடுகிற மாதிரி, கொஞ்சம் அறிவையும் வளர்க்கிற மாதிரி ஒரு கேம் சொல்லுங்கள். அந்தச் சாக்கில் என் மகன் அறையை விட்டு வெளியே வந்தால் போதும். நான் சமையற்கட்டில் இருந்தாலும் ஹாலில் சிரிப்புச் சத்தம் கேட்க வேண்டும்” என்று கடிதத்தை முடிக்கிறார்.

சகோதரி,

கடிதத்தை இரண்டு முறை படித்துவிட்டு விரல்விட்டு எண்ணினேன். உங்கள் வீட்டில் ஐந்து, வருகிறவர்கள் நான்கு. ஒன்பது வருகிறது. நீங்கள் எட்டு என்று எழுதியிருக்கிறீர்கள். விட்டுப்போன ஆள் யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அந்தக் கணக்குக்குப் பின்னால் வருகிறேன். முதலில் கேம்.

யாருக்காக வாங்குகிறோம்?

கல்யாணப் பந்தியில் பல் இல்லாத பெரியவருக்கு என்ன இருக்கிறது, சர்க்கரை உள்ளவருக்கு என்ன இருக்கிறது என்று பார்த்துப் பார்த்து மெனு போடுகிற நாம், கேம் வாங்கும்போது மட்டும் வீட்டிலேயே நன்றாக ஆடத் தெரிந்தவனைக் கேட்டு வாங்குகிறோம். அவன் தனக்குப் பிடித்ததைச் சொல்வான். இரண்டாம் நாள் அவன் மட்டும் ஆடிக்கொண்டிருப்பான்.

நான் வேறு கேள்வியிலிருந்து தொடங்கச் சொல்வேன். அந்த ஹாலில் கன்ட்ரோலரை முதலில் கீழே வைக்கப் போகிறவர் யார்? அவருக்காக வாங்குங்கள். உங்கள் வீட்டில் அது உங்கள் மாமியார். “நான் பார்த்துக்கிட்டு இருக்கேன்” என்று பெரியவர்கள் சொன்னால் ஆசை இல்லை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பேரப்பிள்ளைகள் முன்னால் தடுமாறிக் கேலிக்கு ஆளாக யாருக்குப் பிடிக்கும்? பத்துப் பதினைந்து பொத்தான் உள்ள கருவியைத் திடீரென்று கையில் கொடுத்தால் நானும் அதையேதான் சொல்வேன்.

உங்கள் ஊரில் பெரியவர்கள் பெத்தாங்க் ஆடுவதைப் பார்த்திருப்பீர்கள். சின்ன மரக்குண்டை எறிந்துவிட்டு, இரும்புக் குண்டை அதற்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தும் அந்தப் பிரெஞ்சு ஆட்டம். எழுபது வயதுக்காரர் இருபது வயதுக்காரனை அதில் சர்வ சாதாரணமாகத் தோற்கடிப்பார். குண்டை உருட்டுவது உடம்புக்கு ஏற்கெனவே தெரிந்த அசைவு, அதனால்தான். தாயமும் பரமபதமும் இத்தனை காலம் நின்றதற்கு வேறொரு காரணம். பாதி ஆட்டத்தைக் கட்டை ஆடிவிடுகிறது. எட்டு வயதுப் பேத்தியும் ஆயாவும் சமமாகத் தோற்கலாம். வீடியோ கேமிலும் இந்த இரண்டைத்தான் தேடுகிறேன்: கைக்குத் தெரிந்த அசைவு, பின்தங்கியவருக்கு ஒரு ஏணி. கூடவே, கன்ட்ரோலர் இல்லாமல் சும்மா உட்கார்ந்திருப்பவர்கள் வாயைத் திறக்க ஏதாவது இருந்தால் இன்னும் நல்லது.

இங்கே இரண்டு தவறான எண்ணங்களைச் சொல்லிவிடுகிறேன். கேம் வரும் உறையின் மூலையில் 3, 7, 12, 16, 18 என்று ஐரோப்பிய வயது எண் இருக்கும். 3 என்று இருந்தால் மூன்று வயதுக் குழந்தைக்கும் ஆட வரும் என்று பலர் நினைக்கிறார்கள். அந்த வயதில் பார்க்கத் தகாதது எதுவும் உள்ளே இல்லை, அவ்வளவுதான் அதன் பொருள். கஷ்டமா சுலபமா என்பதை அந்த எண் சொல்லாது. அடுத்தது, “அறிவு வளர்க்கிற மாதிரி” என்ற உங்கள் நிபந்தனை. தயவுசெய்து அதைக் கைவிடுங்கள். பாடம் ஒளித்து வைத்த கேமைப் பிள்ளைகள் மூன்றாவது நிமிஷம் மோப்பம் பிடித்துவிடுவார்கள். பிரெஞ்சு பேசும் பெரியப்பா பையனுக்கும் தமிழ் பேசும் ஆயாவுக்கும் நடுவில் ஒரு சிரிப்பு நடந்தால் அதைவிட என்ன வேண்டும்?

நான் எடுத்துப் பார்க்கச் சொல்பவை

முதல் இடம் 2015இல் வந்த ‘கீப் டாக்கிங் அண்ட் நோபடி எக்ஸ்ப்ளோட்ஸ்’ என்ற ஆட்டத்துக்கு. ஒருவர் மட்டும் திரையைப் பார்க்கிறார். அதில் ஒரு வெடிகுண்டு, ஓடும் கடிகாரம். மற்றவர்கள் திரைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்கள் கையில் குண்டைச் செயலிழக்க வைக்கும் கையேடு. இவர் அதைப் பார்க்கக் கூடாது, அவர்கள் இதைப் பார்க்கக் கூடாது. பேசித்தான் தீர்க்க வேண்டும். தொடக்கக் குண்டுக்கு ஐந்து நிமிஷம், மூன்று தப்பு செய்தால் வெடித்துவிடும். கையேடு 23 பக்கம், இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. ஜெராக்ஸ் கடையில் பிரின்ட் எடுத்துக்கொள்ளலாம். கேம் உங்கள் மகனின் லேப்டாப்பிலேயே ஓடும், ஒரு பிரதி வாங்கினால் வீடு முழுக்க ஆடலாம்.

இதை ஏன் முதலில் வைக்கிறேன் என்றால், அந்தக் கையேட்டில் ஒரு பக்கம் இருக்கிறது. ஆறு வரிசை, வரிசைக்கு ஏழு விசித்திரக் குறிகள். மேலே இரண்டு வரி விளக்கத்தை யாராவது படித்துச் சொல்லிவிட்டால் அதற்கப்புறம் எந்த மொழியும் தேவையில்லை. திருப்பாதிரிப்புலியூரில் என் அக்கா வீட்டில் அந்தப் பக்கத்தை எங்கள் பெரியம்மாவிடம் கொடுத்தோம். திரைக்கு முன்னால் இருந்த பையன் “ஒமேகா, ஒமேகா” என்று கத்தினான். “அது என்னடா?” “குதிரை லாடம் மாதிரி ஆயா!” “அப்படிச் சொல்லேன். இருக்கு. அடுத்தது?” பத்து நிமிஷத்தில் அந்தக் குறிகளுக்கெல்லாம் வீட்டுப் பெயர் வந்துவிட்டது. லாடம், ஜிலேபி, தலைகீழ்க் கேள்விக்குறி, கால் உடைந்த நாற்காலி. கடைசி நாலு விநாடியில் பெரியம்மா, “முதல்ல ஜிலேபியை அமுக்குடா!” என்று போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டிலிருந்து எட்டிப் பார்த்தார்கள். பொத்தான் எதையும் அவர் தொடவே இல்லை. ஆனால் அன்றைக்கு ஆட்டத்தை ஆடியவர் அவர்தான்.

கையேட்டுக்குப் பிரெஞ்சு மொழிபெயர்ப்பும் உண்டு. ஒயர் வெட்டும் பக்கங்களை அண்ணன் பிள்ளைகளிடம் கொடுங்கள். தமிழில் பேசக் கூச்சப்படும் பிள்ளை, கடிகாரம் ஓடும்போது இலக்கணம் பார்க்காது. ஒரே ஒரு எச்சரிக்கை: கடைசி நிமிஷத்தில் அலறலும் வெடிச் சத்தமும் பலமாக இருக்கும். திடுக்கிடுகிற உடம்பு யாருக்காவது இருந்தால் ஒலியைக் குறைத்து வையுங்கள்.

உடம்பை அசைத்து ஆட, 2022இல் வந்த ‘நிண்டெண்டோ ஸ்விட்ச் ஸ்போர்ட்ஸ்’. நிண்டெண்டோ கம்பெனியின் ஸ்விட்ச் என்ற கேம் பெட்டியில் ஓடுவது. அதில் உள்ள, பந்தை உருட்டிக் கட்டைகளைச் சாய்க்கும் பௌலிங்கை மட்டும் எடுத்துக்கொண்டாலே போதும். கன்ட்ரோலரைப் பிடித்த கையைப் பின்னால் கொண்டுபோய் முன்னால் வீசினால் திரையில் பந்து உருளும். இதன் தாத்தா, அதே கம்பெனியின் ‘வீ’ என்ற பழைய பெட்டியில் ஓடிய ‘வீ ஸ்போர்ட்ஸ்’. அது 2006இல் வந்தபோது மேல்நாட்டு முதியோர் இல்லங்களிலேயே பௌலிங் போட்டிகள் நடந்தன. மாமியாருக்குத் தோள்பட்டை வலி இருந்தால் உட்கார்ந்தபடியே மெதுவாக வீசலாம். கன்ட்ரோலரில் உள்ள கயிற்றை மணிக்கட்டில் மாட்டாமல் யாரையும் ஆட விடாதீர்கள். வீ வந்த புதிதில் கை வழுக்கி டிவியை உடைத்தவர்கள் ஏராளம். கயிறு அறுந்துபோன புகார்கள் குவிந்து, கம்பெனியே தடித்த கயிறு செய்து இலவசமாக மாற்றிக் கொடுத்தது.

‘மாரியோ கார்ட் 8 டீலக்ஸ்’, இதுவும் ஸ்விட்சில் ஓடும் கார்ப் பந்தயம். நாலு பேர் ஒரே திரையில் ஆடலாம். வண்டி பாதையை விட்டு விழாமல் அதுவே பிடித்துக்கொள்ளும் வசதியும், தானாக ஓடும் வசதியும் இருக்கின்றன. வேண்டியவருக்கு மட்டும் அதைப் போட்டுவிடலாம். உங்கள் எட்டு வயது மகள் இதை விட மாட்டாள். பின்தங்கினால் பெரிய பெரிய ஆயுதமாகக் கிடைக்கும், நான் சொன்ன ஏணி அதுதான். ஆனால் நாலு பேர் ஆடும்போது திரை நாலாகப் பிரியும். 32 இன்ச் டிவியில் ஆளுக்குக் கிடைப்பது 16 இன்ச் மூலை. கண் ஆபரேஷன் ஆனவருக்கு அது கஷ்டம். மாமியார் ஆடும் நேரத்தில் இரண்டு பேராக ஆடுங்கள், டிவிக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டுக் கொடுங்கள்.

எல்லாரும் ஒரே நேரத்தில் ஆட வேண்டுமென்றால் ‘கார்ட்டிக் போன்’. பிரவுசரில் ஓடும், இலவசம், ஆளுக்கொரு போன் போதும். ஒருவர் ஒரு வாக்கியம் எழுதுவார். அடுத்தவர் அதற்குப் படம் வரைவார். அதற்கடுத்தவர் படத்தை மட்டும் பார்த்து வாக்கியம் எழுதுவார். கடைசியில் முழுச் சங்கிலியையும் வரிசையாகப் பார்க்கலாம். “பெரியப்பா பீச் ரோட்டில் நடக்கிறார்” என்று தொடங்கியது “யானை மழையில் நனைகிறது” என்று முடிந்திருக்கும். ஆயாவும் பேத்தியும் ஒரே போனில் ஜோடியாக ஆடட்டும். மாமியாரைப் பற்றி யாராவது ஏடாகூடமாக எழுதிவிட்டால் பொறுப்பு என்னுடையதல்ல.

பலரும் சிபாரிசு செய்யும் ‘ஓவர்குக்ட்’ பற்றி ஒரு வார்த்தை. நாலு பேர் சேர்ந்து ஒரு ஓட்டல் சமையற்கட்டை நடத்த வேண்டும். போட்டி இல்லை, எல்லாரும் ஒரே கட்சி, அதனால் சண்டையே வராது என்று கடைக்காரர் சொல்வார். ஒரே சமையற்கட்டில் நாலு பேர் நின்றால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டுமா? “தட்டைக் கழுவுன்னு எத்தனை தடவை சொல்றது!” என்று புருஷன் பெண்டாட்டி நிஜமாகவே முறைத்துக்கொண்டதைப் பார்த்திருக்கிறேன். பிள்ளைகள் நாலு பேரும் ஆடட்டும், அருமையான ஆட்டம். நேரத்தைத் தளர்த்தும் உதவி வசதி உள்ள பதிப்பாகப் பார்த்து வாங்குங்கள். அண்ணன் தம்பி இருவரையும் முதல் நாளே அதில் இறக்கிவிடாதீர்கள்.

2021இல் பெரிய விருது வாங்கிய ‘இட் டேக்ஸ் டூ’வையும் யாராவது சொல்வார்கள். இரண்டே பேர்தான் ஆட முடியும். கதையும் விவாகரத்து செய்யப்போகும் அப்பா அம்மாவைப் பற்றியது. உங்கள் ஹாலுக்கு வேண்டாம். மகன் கேட்கும் கால்பந்து நல்ல ஆட்டம்தான். அவனும் பெரியப்பா பையனும் விடிய விடிய ஆடுவார்கள், மற்ற ஏழு பேரும் வேடிக்கை பார்ப்பார்கள்.

பெட்டி வாங்குவதற்கு முன்

முதலில் பிரான்சுக்கு ஒரு போன் போடுங்கள். அந்தப் பிள்ளைகளிடம் ஏற்கெனவே ஒரு ஸ்விட்ச் இருக்கலாம். இருந்தால், டிவியோடு இணைக்கும் ‘டாக்’ என்ற தாங்கியையும் சேர்த்துப் பையில் போட்டுக்கொண்டு வரச் சொல்லுங்கள், லைட் மாடலாக இல்லாவிட்டால் உங்கள் டிவியிலும் ஓடும். உங்கள் செலவு ஒரு எச்டிஎம்ஐ கேபிளோடு முடிந்துவிடும்.

இல்லையென்றால் லேப்டாப்பை டிவியில் மாட்டி, வெடிகுண்டு ஆட்டத்தையும் கார்ட்டிக் போனையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆடிப் பாருங்கள். உங்கள் வீட்டுக்கு இந்தப் பழக்கம் ஒட்டுமா என்று சில நூறு ரூபாயில் தெரிந்துவிடும். ஒட்டினால் மட்டும் பெரிய பெட்டி.

அப்படி வாங்கும்போது மூன்று இடத்தில் ஏமாறலாம். பிளேஸ்டேஷன் 5 பெட்டிக்குள் ஒரே ஒரு கன்ட்ரோலர்தான் வரும். தனியாக வாங்கினால் ஒன்று ஐயாயிரத்துக்கு மேல். நாலு பேர் ஆட இன்னும் மூன்று வேண்டும், கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். ஸ்விட்சோடு வரும் கன்ட்ரோலர் ஜோடியைப் பிரித்துப் பல ஆட்டங்களை இரண்டு பேர் ஆடலாம். அடுத்தது, “மல்டிபிளேயர்” என்று எழுதியிருப்பதை நம்பாதீர்கள். பல கேம்களில் அது இணையம் வழியாக, ஆளுக்கொரு பெட்டியோடு ஆடுவதைத்தான் குறிக்கும். ஒரே டிவியில், ஒரே அறையில் எத்தனை பேர் என்று கேளுங்கள்.

மூன்றாவதில் நானே ஏமாந்தேன். அக்கா பிள்ளைகளுக்காக விலை குறைவாக இருக்கிறதே என்று ஸ்விட்ச் லைட் வாங்கினேன். “டிவியில் மாட்டலாம் மேடம்” என்று கடையில் அடித்துச் சொன்னார்கள். லைட் மாடலை டிவியில் மாட்டவே முடியாது. அது ஒருவர் கையில் வைத்து ஆட மட்டும். ஆறு பேர் அந்தச் சின்னத் திரையைச் சுற்றித் தலையை முட்டிக்கொண்டோம். திருப்பி எடுத்துக்கொள்ள மறுத்துவிட்டார்கள், பில்லிலும் மாடல் பெயரைச் சரியாக எழுதவில்லை. நிண்டெண்டோ பெட்டிகள் இங்கே பெரும்பாலும் இறக்குமதி செய்பவர்கள் மூலமாகத்தான் வந்திருக்கின்றன. வாரன்டி யார் தருகிறார்கள் என்பதை பில்லிலேயே எழுதி வாங்குங்கள். டிவி செட்டிங்கில் ‘கேம் மோடு’ இருந்தால் அதையும் போட்டுவிடுங்கள். இல்லையென்றால் பொத்தானை அமுக்கியதற்கும் திரையில் நடப்பதற்கும் நடுவே சின்னத் தாமதம் தெரியும், பழக்கமில்லாதவர்கள் தங்களுக்கு வரவில்லை என்று நினைத்துக்கொள்வார்கள்.

உங்கள் தம்பியின் யோசனையைக் கேட்கவே வேண்டாம். காசு கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளை நாடு முழுக்கத் தடை செய்து 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் சட்டம் நிறைவேற்றியது. சட்டத்தை விடுங்கள், பதினான்கு வயதுப் பையன் உள்ள ஹாலில் பணம் வைத்து ஆடுவதைப் பழக்கிவிட்டு அப்புறம் யாரைத் திட்டுவது? சீட்டு ஆட வேண்டுமென்றால் சீட்டுக்கட்டை எடுத்துப் போட்டுக் கழுதை ஆடுங்கள்.

மகனுக்கு வலை விரிக்காதீர்கள்

கடிதத்தின் உண்மையான கேள்வி இதுதான் என்று நினைக்கிறேன். ஹெட்போனோடு அறையில் இருக்கும் மகன் தனியாக இருக்கிறான் என்று நீங்கள் எழுதுகிறீர்கள். அவன் கணக்கில் அவன் இணையத்தில் நாலு நண்பர்களோடு இருக்கிறான். ஆட்டத்தின் நடுவில் “சாப்பிட வா” என்றால், கபடியில் பாடிக்கொண்டிருப்பவனைக் காலைப் பிடித்து இழுத்த மாதிரி. “இந்த ரவுண்டு எப்போது முடியும்?” என்று கேட்டுவிட்டு, முடிந்ததும் கூப்பிடுங்கள். பாதிச் சண்டை அங்கேயே குறையும்.

ஹாலில் கேம் வைத்தது தன்னைப் பிடிக்கத்தான் என்று தெரிந்தால் அவன் வர மாட்டான். வேலை கொடுத்துக் கூப்பிடுங்கள். கேபிள் மாட்டுவது, மூன்று கேமில் எது என்று தேர்ந்தெடுப்பது, ஆயாவுக்குச் சொல்லித் தருவது. இதில் ஒரே ஒரு விதி: யார் கன்ட்ரோலரையும் யாரும் பிடுங்கக் கூடாது. “இப்படிக் குடு ஆயா, நான் காட்டுறேன்” என்று வாங்கி, அவனே அந்த ரவுண்டை முடித்துக் கொடுப்பான் பாருங்கள், ஆயா அடுத்த ரவுண்டுக்கு வர மாட்டார். வாயால் மட்டும் சொல்லித் தர வேண்டும். உங்கள் மகனுக்கு அது எளிதல்ல. நல்ல ஆட்டக்காரனுக்குக் கையைக் கட்டிக்கொண்டு நிற்பதுதான் கஷ்டமான ரவுண்டு.

ஹாலுக்கு வந்தவனிடம் அரையாண்டு மார்க்கைக் கேட்காதீர்கள். “பார்த்தியா, எங்களோட இருந்தா எவ்வளவு நல்லா இருக்கு” என்றும் சொல்லாதீர்கள். அறைக்குள் அவன் என்ன ஆடுகிறான், எவ்வளவு நேரம் ஆடுகிறான் என்பது வேறு பேச்சு. அதை விருந்தாளிகள் போனபின் ஜனவரியில், நீங்கள் மூவரும் மட்டும் உட்கார்ந்து பேசுங்கள்.

உங்கள் கணவரின் பயத்துக்கு

அவருடைய பயத்தை நான் தள்ளிவிட மாட்டேன். விளையாட்டு அடிமைத்தனம் என்பது உண்மையான நோய். உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் 2022 ஜனவரி முதல் நடைமுறையில் இருக்கிறது. ஆனால் நிறைய நேரம் ஆடுவது மட்டுமே நோய் ஆகிவிடாது. எப்போது நிறுத்துவது என்ற கட்டுப்பாடு போய்விட வேண்டும். சாப்பாடு, படிப்பு, நட்பு எல்லாவற்றையும் அது பின்னுக்குத் தள்ள வேண்டும். கெடுதல் கண்ணுக்குத் தெரிந்தும் தொடர வேண்டும். இது பொதுவாக ஒரு வருஷமாவது நீடித்திருக்க வேண்டும். உங்கள் மகன் தவறாமல் பள்ளிக்குப் போகிறான், பதினொரு மணிக்குத் தூங்குகிறான், சனிக்கிழமை கிரிக்கெட் போகிறான் என்று எழுதியிருக்கிறீர்கள். கடிதத்தை வைத்து நோய் சொல்லவும் கூடாது, இல்லை என்று சான்றிதழ் தரவும் கூடாது. இருந்தாலும் இப்போதைக்கு அந்த அடையாளங்கள் எனக்குத் தெரியவில்லை. ராத்திரித் தூக்கம் போவது, பள்ளிக்கு மட்டம் போடுவது, நிறுத்தச் சொன்னால் கை ஓங்குவது, வீட்டுப் பணம் காணாமல் போவது என்று ஆரம்பித்தால் தள்ளிப்போடாதீர்கள். ஜிப்மர் மனநலப் பிரிவு உங்கள் ஊரிலேயே இருக்கிறது. அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416இலும் இலவசமாகத் தமிழில் பேசலாம்.

சின்னவளுக்கு மட்டும் ஒரு அளவு. ஐந்து முதல் பத்து வயது வரை உள்ள பிள்ளைகளுக்கு டிவி, போன் எல்லாம் சேர்த்து நாளுக்கு இரண்டு மணி நேரத்துக்குள் இருக்கட்டும் என்பது குழந்தை மருத்துவர்களின் பரிந்துரை. நேரத்தை மணியால் அளக்காமல் ரவுண்டால் அளந்து பாருங்கள். “இன்னும் அரை மணி” என்பதில் தகராறு வரும். “இன்னும் மூன்று ரேஸ்” என்றால் அவளே எண்ணிக்கொள்வாள்.

ஒன்பதாவது ஆள்

கேரம் போர்டில் தோற்றவர் எழுந்து இடம் கொடுப்பது வழக்கம். உங்கள் ஹாலில் அதைத் திருப்பிப் போடுங்கள். ஜெயித்தவர் எழுந்துவிட வேண்டும். தடுமாறுகிறவர்களுக்கு இன்னொரு ரவுண்டு கிடைக்கும், ஒன்பது பேருக்கு நாலு கன்ட்ரோலர் என்ற பிரச்சினையும் தீர்ந்துவிடும். எழுந்த ஆளுக்குத் தண்டனை, சமையற்கட்டுக்குப் போய் அடுத்த ஈடு பஜ்ஜியைப் போடுவது. உங்கள் மகனுக்கும் பிரான்சிலிருந்து வரும் பெரியப்பாவுக்கும் அடுப்பு எந்தப் பக்கம் இருக்கிறது என்று இரண்டாம் நாளே தெரிந்துவிடும். நீங்கள் தோற்றுக்கொண்டே உட்கார்ந்திருக்கலாம். மாவை மட்டும் கரைத்து வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

வருகிறவர்கள் டிசம்பர் கடைசியில் இங்கே இருப்பார்கள் என்பதால் கடைசியாக ஒன்று. 2011 டிசம்பர் 30ஆம் தேதி தானே புயல் உங்கள் ஊருக்கும் எங்கள் கடலூருக்கும் நடுவில் கரையேறியது நினைவிருக்கும். எங்கள் தெருவுக்குக் கரன்ட் வரப் பல நாள் ஆனது. அத்தனை நாளும் மெழுகுவத்தி வெளிச்சத்தில் தாயம்தான். உங்கள் மாமியார் ஒருவேளை யாருக்கும் சளைக்காத ஆட்டம் அதுவாக இருக்கும், கேட்டுப் பாருங்கள். பரணில் தாயக்கட்டை இருந்தால் இப்போதே இறக்கி வையுங்கள். ஜோடியில் ஒன்று காணாமல் போயிருந்தால் சோழி போதும்.